கல்லில் ஏறவிருந்த பொய்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் லிங்கராஜபுரத்தின் எங்கள் தெருமுனை அய்யங்கார் பேக்கரிக்கு இரண்டு விஷயங்களால் புகழ். ஒன்று காரா பன். இன்னொன்று நான். காரா பன்னுக்கு வருகிற கூட்டத்தைவிட எனக்கு வருகிற கூட்டம் பெரிது என்று நான் சொல்வேன். பேக்கரிக்காரரைக் கேட்டால் என் கூட்டம் மொத்தம் இரண்டு பேர் என்பார். அவருக்கு எண்ணத் தெரியாது.

எனக்கு எண்ணத் தெரியும். அதுதான் என் தொழிலாக இருந்தது. கோலார் தங்கவயலில், சுரங்கத்தின் டைம் ஆபீசில், முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தா. கீழே இறங்கும் ஒவ்வொருவரும் என் ஜன்னலில் ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் திருப்பித் தருவார்கள். நான் அதை அதனதன் ஆணியில் மாட்டுவேன். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒரு மனிதன் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறான் என்று பொருள். அந்த வேலையில் ஒன்றைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்ல முடியாது. முப்பத்தெட்டு வருடம் அடக்கி வைத்ததை, ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு அவிழ்த்துவிட்டேன்.

என் சரக்கு ஆங்கிலச் சொற்றொடர்கள். ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று தினம் ஒரு கதை. ரகசியத்தைப் போட்டு உடைப்பதை வெள்ளைக்காரன் ஏன் பீன்ஸைக் கொட்டுவது என்கிறான்? கண்டோன்மென்ட்டில் ஒரு கர்னல் வீட்டுச் சமையல்காரர் ராணுவக் கடிதத்தை அவரைக்காய் மூட்டைக்குள் ஒளித்து ரசல் மார்க்கெட் வழியாகக் கடத்தினார், மூட்டை பிரிந்துகொண்டது, அதனால். பெருமழைக்கு ஏன் பூனையும் நாயும் கொட்டுகிறது என்கிறான்? ஒரு வருடம் அல்சூர் ஏரி பொங்கியபோது எழுபத்தெட்டு பூனையும் நாற்பத்தொரு நாயும் கூரையிலிருந்து தெருவில் விழுந்தன, அதனால். அந்த நாற்பத்தொன்றைக் கவனியுங்கள். சும்மா நாற்பது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று சேர்த்தால் பொய்க்கு எலும்பு வந்துவிடுகிறது.

ஒரே ஒருநாள் நிஜத்தைச் சொல்லிப் பார்த்தேன். சர்க்கார் இழுத்தடிப்பை ரெட் டேப் என்கிறார்களே, அது பழைய காலத்தில் இங்கிலாந்தில் அரசாங்கக் கட்டுகளைக் கட்டிவைத்த சிவப்பு நாடா, நம் ஆபீஸ் ஃபைலில்கூட இருந்ததே என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னிக்கு சரக்கு வீக்கு," என்றார் பெருமாள்சாமி.

பெருமாள்சாமி ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரித்துப் பிரித்துக் கண் சுருங்கிப்போனவர். வீட்டில் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி வைத்திருந்தார். என் கதை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் வந்து "இல்லய்யா" என்பார். அதற்குள் அடுத்த கதை பாதி தூரம் போயிருக்கும்.

நான் வெட்கப்பட்டதில்லை. பெங்களூரு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறி வந்த ஒரு ராஜாவுக்கு யாரோ வெந்த பயறு கொடுத்தார்கள், அதனால் இது வெந்த பயறு ஊர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ராஜாவுக்கு முன்பே இந்தப் பெயர் கல்வெட்டில் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். யார் கேட்டார்கள்? கல்வெட்டைவிடப் பயறுக்குச் சூடு அதிகம். ஊரே இப்படி உட்கார்ந்திருக்கும்போது நான் இரண்டு பூனையைக் கூட்டினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று நினைத்திருந்தேன்.

யேசுதாஸ் விஷயத்தில்தான் முழுகப் பார்த்தது.

யேசுதாஸும் தங்கவயல்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிற வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியதும் இங்கே வந்து, வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். பேக்கரி வாசல் பெஞ்சில் நான் சொல்வதை அப்படியே நம்புகிற ஒரே ஆத்மா. அவர் நம்புவதைப் பார்க்கவே நான் இன்னும் பத்துப் பூனையைச் சேர்ப்பேன்.

வந்த புதிதில் ஒருநாள் காலை, யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தார். ஒரு காபியை இரண்டாகப் பிரித்த பை-டூவில் தன் பாதியைத் தொடவே இல்லை.

"இன்னாச்சு யேசு?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணா. கேட்ல ஒரு பையன் எந்த ஊர்னு கேட்டான். தங்கவயல்னேன். அங்க இப்ப இன்னா இருக்குதுன்னான். நான் கேட்டைத் தொறந்துவுட்டு உள்ள போன்னேன்."

"சைனைடு மேடு இருக்குதுன்னு சொல்றது," என்றார் பெருமாள்சாமி. தங்கத்தை எடுத்த பின் கொட்டிய கழிவு மண் எங்கள் ஊரில் மலையாக நிற்கிறது. அதைச் சொன்னார். யேசுதாஸ் டம்ளரை இன்னும் தள்ளி வைத்தார்.

அந்த டம்ளர் நகர்ந்த சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யேசு, உங்கப்பா எப்பிடி செத்தாரு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. பாறை வெடிச்சு. மணி அடிச்சினு இருந்தப்போ."

அவர் அப்பா சவரிமுத்து. பூமிக்கு மிகக் கீழே, ஆட்களை மேலே தூக்கும் கூண்டு வந்து நிற்கும் இடத்தில் மணிக்காரர். எல்லாரும் ஏறியதும் கயிற்றை இழுப்பார். மேலே எஞ்சின் ரூமில் மணி அடிக்கும். அதைக் கேட்டுத்தான் கூண்டைத் தூக்குவார்கள். அந்தக் கயிறு கூண்டுக்கு வெளியே தொங்கியது. இழுப்பவரும் வெளியேதான் நிற்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பாறை வெடிக்கத் தொடங்கியபோது அவர் மற்றவர்களை ஏற்றிவிட்டு மணி அடித்தார். கூண்டு மேலே போனது. திரும்பி இறங்க வழி இருக்கவில்லை.

இதுவரை நிஜம். இதற்குமேல் என்னுடையது.

"சேவ்ட் பை தி பெல் அப்பிடின்னு உலகம் பூரா சொல்றானே, ஆபத்துல கடைசி நிமிஷத்துல தப்பிச்சா, அது எங்கேர்ந்து வந்துதுன்னு நெனைக்கிற? உங்கப்பா கிட்டேர்ந்து. நூத்தி இருவது பேரைக் காப்பாத்தினாரு மனுசன். அன்னிக்கு எஞ்சின் ரூம்ல ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருந்தான். சீமைக்குப் போயி கிளப்புல சொன்னான். அங்கேர்ந்து பேப்பரு, பேப்பர்லேர்ந்து உலகம்."

"அறுவத்திரெண்டுல வெள்ளைக்காரன் ஏதுய்யா?" என்றார் பெருமாள்சாமி.

"ஒருத்தன் மிச்சம் இருந்தான். ஊருக்குப் போற ரயிலைத் தவற வுட்டவன்."

யேசுதாஸ் டம்ளரை எடுத்தார். ஆறிய காபியை ஒரே மூச்சில் குடித்தார். "நெசமாவா அண்ணா?" என்று கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்புக்கு, ஆமாம் என்று சொல்லாதவன் மனிதனே இல்லை. அந்தப் பொய்க்காக நான் அன்றைக்கு தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒன்று வாங்கித் தின்றேன்.

இரண்டு வருடம் அந்தக் கதை வைட்ஃபீல்டு கேட்டில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் போட்டது. நான் மறந்தே போனேன். அக்டோபர் கடைசியில் ஒருநாள் யேசுதாஸ் பெஞ்சில் ஒரு காகிதத்தை விரித்தார்.

"தங்கவயல்ல அப்பா கல்லறைல ஒரு மரச் சிலுவைதான் இருந்துது. அதும் பேரு அழிஞ்சுபோச்சு. இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் கருங்கல்லு வைக்கிறேண்ணா. கல்லு இங்கதான் செய்யறாங்க, நாளைக்கு உளி வைக்கிறாங்க. நீங்க கூட வரணும். உங்களாலதான் இந்த வார்த்தையே கெடைச்சுது."

காகிதத்தில் பெரிய ஆங்கில எழுத்தில் இரண்டே வரி. சவரிமுத்து. அதன் கீழே, சேவ்ட் பை தி பெல்.

பெருமாள்சாமி வாயில் இருந்த காரா பன் பாதி வழியில் நின்றது. "செத்தவருக்கு எதுக்குய்யா சேவ்ட்?" என்றார்.

"அந்த வார்த்தை அவருதுல்ல? அவரு கல்லு மேலதான இருக்கணும்," என்றார் யேசுதாஸ், குழந்தைக்குச் சொல்வதுபோல. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

பெருமாள்சாமி என்னைப் பார்த்தார். நான் கடையின் கண்ணாடிப் பெட்டியில் உள்ள பிஸ்கட்டுகளை எண்ணினேன்.

"குத்துச்சண்டைய்யா அது," என்றார். "அன்னிக்கே பாத்துட்டேன். அடி வாங்கி வுழப்போறவனை ரவுண்டு முடியற மணி காப்பாத்துது. உங்க சுரங்கத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"தெரியும்."

"இங்கிலீஷ் தெரிஞ்ச எவனாவது அந்தக் கல்லைப் பாத்தா சிரிப்பான். செத்தவரைப் பாத்து சிரிப்பான். நீயே சொல்லிரு. நான் சொன்னா யேசு என்னை நம்பமாட்டான்."

அகராதி வைத்திருப்பவனை நம்பாமல் என்னை நம்புகிற ஒருவனை இந்த உலகத்தில் உண்டாக்கி வைத்திருந்தேன். சாதனைதான்.

மறுநாள் நானும் யேசுதாஸும் பஸ்ஸில் சிவாஜிநகர் போய் மாறினோம். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஸ் கண்டக்டரின் விசிலிலிருந்து பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிய கதைதான் வந்தது. இரண்டாவது பஸ்ஸில் மறுபடி திறந்தேன். ஒரு குதிரைப் பட்டாளம் வந்தது. யேசுதாஸ் ரசித்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கல் கொஞ்சம் கிட்டே வந்தது.

அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி முத்தம்மாவின் கல் பட்டறை. கணவர் போனபின் அவரே உளி பிடிக்கிறார். கறுப்புக் கல் ஒன்றைப் பலகையில் படுக்க வைத்து, சாக்பீஸால் எழுத்துகளை அழகாக வரைந்து வைத்திருந்தார். பொய் வெள்ளையாக, நேராக, கோணாமல் நின்றது. என் பொய்களை நான் எழுத்தில் பார்த்ததே இல்லை. காற்றில் விட்டால் அது காற்றோடு போகும், அடுத்த நாள் வேறு கதை. இது போகாது என்று அப்போதுதான் உறைத்தது. நானும் யேசுதாஸும் பெருமாள்சாமியும் அவருடைய அகராதியும் போன பிறகும் இது இருக்கும். இன்னும் ஐந்நூறு வருடம் கழித்து யாராவது வந்து இதையே கல்வெட்டு என்று படிப்பார்கள்.

"பேகா நோடி சொல்லுங்க சார்," என்றார் முத்தம்மா, சீக்கிரம் பாருங்கள் என்று. "எழுத்து சரியா கீதா? அப்பறம் மாத்த முடியாது. கல்லு, ரப்பர் இல்ல."

யேசுதாஸ் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டு போனார். "சரியா கீதுக்கா."

முத்தம்மா உளியை வைத்தார். சுத்தியலை எடுத்தார்.

"யேசு," என்றேன். "அந்த வார்த்தை குத்துச்சண்டைலேர்ந்து வந்தது."

"எது?"

"சேவ்ட் பை தி பெல். ரவுண்டு மணி அடிச்சதும் அடி வாங்குறவன் தப்பிப்பான். அவ்ளோதான். உங்கப்பாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் கட்டின கதை."

யேசுதாஸ் என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஐயோ அண்ணா! பஸ்ல வரும்போதே எதையோ முழுங்கினு வந்தீங்க. இதானா? குத்துச்சண்டையாம்! இது சுமார்தாண்ணா. பூனைக் கதை அளவுக்கு இல்ல."

"சத்தியமா சொல்றேன்."

"பூனைக்கும் சத்தியம் பண்ணீங்க. நீங்க அடிங்கக்கா."

சுத்தியல் உயர்ந்தது. என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நாற்பத்தொரு வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

"ஒம்பது," என்றேன்.

"இன்னா ஒம்பது?"

"அன்னிக்கு அந்த மட்டத்துக்குப் போன டோக்கன் ஒம்பது. நான்தான் ஜன்னல்ல இருந்தேன். திரும்பி வந்தது எட்டு. உங்கப்பா டோக்கன் நானூத்திப் பதினேழு. அந்த ஆணி காலியாவே இருந்துது. அடுத்த மாசம் அந்த நம்பரை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க."

யேசுதாஸின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை.

"எட்டா?"

"எட்டு."

"நூத்தி இருவதுன்னீங்களே."

"மிச்சம் நூத்திப் பன்னெண்டு நான் போட்டது."

பக்கத்துப் பட்டறையில் யாரோ கல்லைச் சாணை பிடித்தார்கள். அது நின்றபோது யேசுதாஸ் சொன்னார்.

"நீங்க இவ்ளோ சின்ன நம்பர் சொல்லி நான் கேட்டதே இல்லண்ணா."

அதில்தான் அவர் நம்பினார். முத்தம்மா சுத்தியலைக் கீழே வைத்தார்.

யேசுதாஸ் ஒரு பாதிக் கல்லின் மேல் உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வருவதற்குள் அவர் கை இரண்டு முறை சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது.

"மணி?"

"இன்னா?"

"மணி அடிச்சது. அதும் நீங்க கட்டினதா? அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியாது. அதும் பொய்யா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் என் வாய் முதல் முறையாக எச்சரிக்கையாக நடந்தது.

"அது நெசம். மொதல்ல டோக்கன் நீட்டின ஆளு கையிலேர்ந்து அது கீழ வுழுந்துது. அதை எடுக்காமயே சொன்னாரு. சவரி கயித்தை வுடல, கூண்டு கெளம்பற வரைக்கும் இழுத்துனே நின்னாரு, வாய்யா ஏறுன்னோம், மணி யாரு அடிப்பான்னு கேட்டாருன்னு. எட்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. நான் ஒரு எழுத்து சேக்கல."

சொன்ன பிறகு இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. "உங்கம்மா ஜன்னலுக்கு வந்தாங்க. காலி ஆணி என் முதுகுக்குப் பின்னாடி இருந்துது. மேல வந்துட்டாரு, டிஸ்பென்சரிக்குப் போயிருக்காரு, நீங்க வூட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். வேற சொல்ல வாய் வரல. அதான் நான் சொன்ன மொதப் பொய்யி."

முத்தம்மா உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

"அம்மா சொல்லும்," என்றார் யேசுதாஸ் கடைசியில். "டைம் ஆபீஸ்ல ஒரு ஆளு நல்ல மாதிரியா சொன்னாரு, அன்னிக்கு சாயங்காலம் உங்களுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டேன், அப்பறம் ரெண்டு நாளு அடுப்பே எரியலன்னு. அது யாருன்னு கேப்பேன். தெரியாதுன்னு சொல்லும்." தண்ணீரை எடுத்துக் குடித்தார். "நீங்கதானா."

அதை அவர் மன்னிப்பாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. என் ஜன்னலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஒரு வேளை சோறாவது ஆக்கினார் என்பதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்படவும் முடியவில்லை, துக்கப்படவும் முடியவில்லை. இவ்வளவு கதை சொல்லியும் அதற்கு ஒரு சொற்றொடர் என்னிடம் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை.

யேசுதாஸ் எழுந்து கல்லின் அருகே போனார். உள்ளங்கையால் கீழ் வரியைத் துடைத்தார். சாக்பீஸ் தூள் அவர் யூனிபார்மில் பறந்தது. மேல் வரியில் இருந்த பெயரையும் துடைத்தார்.

"அக்கா, தமிழ்ல எழுதுங்க."

"தமிழ்லயா? பாடுதான்," என்றார் முத்தம்மா. "இங்கிலீஷ் நேர்க்கோடு. தமிழ்ல சும்மா சும்மா புள்ளி வருது. புள்ளி வைக்கச்சொல்லதான் கல்லு சில்லு போவும்."

"பரவால்ல. மேல சவரிமுத்து. அதுக்குக் கீழ மணி அடித்தார்."

"அவ்ளோதானா?"

யேசுதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்பது பெருமாள்சாமிக்குக்கூடப் புரியாது. மூன்று அலங்காரமான வாக்கியங்கள் தொண்டையில் வந்து நின்று முட்டின. ஒன்றில் மகாராஜாகூட இருந்தார்.

"இன்னும் ஒரு வரி," என்றார் யேசுதாஸ். "எட்டுப் பேர் மேலே வந்தார்கள்."

முத்தம்மா சாக்பீஸை எடுத்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"எட்டுன்னு நம்பர்ல போடட்டா, எழுத்துல போடட்டா? நம்பர்ன்னா எனக்கு வேலை கம்மி."

"எழுத்துலயே போடுங்கக்கா," என்றார் யேசுதாஸ். "நம்பர்ல போட்டா, நம்ம அண்ணன் எப்பனா தனியா அங்க போயி பக்கத்துல ஒரு சைபர் சேத்துட்டு வந்துருவாரு."

முத்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு 'ட்' மேல் வைக்க வேண்டிய புள்ளியின் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, நன்றாக ஆழமாக வெட்டுவதற்கு அடையாளம் வைத்துக்கொண்டார்.